பதினோராவது முன்னோட்டக் காட்சி

வெளியே ஏரிக்காற்று காதைத் திருகுகிறது.
உள்ளே, பால்கனிப் படியில், டார்ச் விளக்கோடு நான்.
சிகாகோவின் இந்த அரங்கில் எனக்கிது பத்தொன்பதாவது குளிர்காலம்.
எது ஓடும், எது படுக்கும் என்று
இருட்டில் இருமல்களை எண்ணியே சொல்லிவிடுவேன்.

'நள்ளிரவுப் பேரேடு' இருமல் நாடகம்.

இறைச்சிக் கிடங்கில் கணக்கெழுதும் காட்டேரி.
நூறு வருஷமாகத் தப்பாமல் கூட்டிக் கழித்தவன்
தையற்காரி வினிஃப்ரெடைப் பார்த்ததும்
ஒரு பூஜ்யத்தைத் தவறவிடுகிறான்.
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.
பார்க்கத்தான் பல்லிளிக்கிறது.

"இன்னும் செப்பனிடுகிறோம், பொறுத்தருள்க."
வாசல் கதவில் தினமும் அந்தத் தாளை ஒட்டுவது நான்.
டிக்கெட் விலையில் மட்டும்
செப்பனிட அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வினிஃப்ரெட் செத்தாள்.
புதன்கிழமை பிழைத்தாள்.
வியாழக்கிழமை அவளுக்கே பல் முளைத்தது.
நேற்று என்ன ஆனாள் என்பது
அவளுக்கும் தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது.

இன்று முதல் பாட்டிலேயே காட்டேரியின் கோரைப்பல் கழன்று
வாத்தியக்காரர்களின் குழிக்குள் விழுந்தது.
டிரம் வாசிப்பவன் தாளம் பிசகாமல் பொறுக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
ரத்த வங்கித் தாதி ரொஸாலிந்த் ஒகாஃபோர்
பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் கேட்காமலே:
"அது பீட்ரூட் சூப்.
ரத்தம் இவ்வளவு நேரம் பளபளக்காது,
அதற்குக் கூச்சம் உண்டு, கருத்துவிடும்."
முன்வரிசையில் கறுப்பு அங்கி தைத்துப் போட்டு வந்த இரண்டு பெண்கள்
அழவேண்டிய இடத்திலும் அழுதார்கள்,
கதவு திறந்ததற்கும் அழுதார்கள்.

இடைவேளையில் கழிப்பறை வரிசை
கோட்டு அறைவரை நீண்டது.
முதல் பாதியை வெட்டவேண்டும் என்றாள் ஒருத்தி.
முதல் பாதிதான் நாடகமே என்றாள் அவள் தங்கை.
வௌவால்கள், ஐயோ அந்த வௌவால்கள்
என்று யாரோ உள்ளிருந்து சொல்ல
இருவரும் சமாதானமானார்கள்.
முப்பத்தாறு பேர் கோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.
மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

கே வரிசை, பதினான்காம் இருக்கை:
ஆல்டன் ஃபிட்ச், ஒருகாலத்தில் பியானோவுக்குச் சுருதி சேர்த்தவர்.
நான்காவது முறையாக வந்திருக்கிறார்.
கட்டைப் பென்சில், சின்ன நோட்டு.
ஏன் வருகிறார் என்று நான் கேட்டதில்லை.

இரண்டாம் பாதியில்
சவப்பெட்டி மூடி திறக்கவில்லை.

புகை வந்தது. பச்சை வெளிச்சம் வந்தது. காட்டேரி வரவில்லை.
உள்ளே மைக்கும் செத்திருக்கவேண்டும்.
ஆனால் பாட்டின் நேரம் வந்துவிட்டது, அவன் பாடத் தொடங்கினான்.
நடத்துநர் கையை உயர்த்தினார், ஊதுகுழல்கள் நின்றன.
ஒரு வயோலா மட்டும் விடாமல் கூடப் போனது.
பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல்,
அடுத்த வீட்டுக் குளியலறையில் யாரோ
கேட்க ஆளில்லை என்று நம்பிப் பாடுவதைப்போல.
பதினோரு நாளாய் காதில் விழாத சொற்கள்
அப்போதுதான் விழுந்தன:
கூட்டினேன், கழித்தேன், மீதி நான்.

ஓர் இருமல் இல்லை.
ரொஸாலிந்த் ஒகாஃபோரின் விரல்கள்
தன் மணிக்கட்டிலேயே நாடியைத் தேடின.
டார்ச்சை அணைத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

பிறகு கடப்பாரையோடு ஓர் ஆள் வந்தான்.
சிரிப்பு, கைதட்டல், வௌவால்கள்.

மறுநாள் மூடிக்குப் புதுக் கீல், எண்ணெய்,
இருபுறமும் இரண்டிரண்டு நடனக்காரிகள்.
அவன் எழுந்து நின்று, கை விரித்து,
கடைசி வரிசைச் சுவர் அதிர அதே பாட்டைப் பாடினான்.
நாற்பத்தொரு இருமல்.

பாட்டு முடியுமுன்பே கே பதினான்கு எழுந்து வந்தார்.
"மூடி?" என்றார்.
"சரிசெய்துவிட்டார்கள்."
துக்கம் கேட்க வந்தவர்போல மெல்லத் தலையசைத்து
ஒரு கையை மட்டும் கோட்டுக்குள் நுழைத்தபடி
காற்றுக்குள் போனார்.
பென்சிலை எடுத்துப்போக மறந்திருந்தார்.
கேட்டு வந்தால் கொடுக்கலாமென்று வைத்திருக்கிறேன்.