கோரம்

எட்டு மணிக்குக் கூட்டம்.
எட்டே காலுக்கு, கீழ்த்தளத்தில்
தபால் பெட்டிகளை ஒட்டிப் போட்ட அறுபது நாற்காலிகளில்
ஒன்பதில் ஆள்.
பத்தாவதில் பூனை. அதற்கு வாக்கில்லை.

இருநூற்று நாற்பது வீட்டில் கால்வாசியாவது
வந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.
அந்தக் கணக்குக்குப் பெயர் கோரம்.
தமிழில் அதற்கு வேறொரு பொருள் உண்டென்று
தலைவர் சுல்ஹில்மியிடம் நான் சொல்லவில்லை.

அரை மணி நேரம் காத்திருந்தால்
வந்தவர்களே போதும். இதுவும் சட்டம்தான்.
எங்கள் ரெலாவ் அடுக்குமாடியின் தீர்மானமெல்லாம்
இந்த அரை மணியைத் தின்று வளர்ந்தவை:
நாய் கூடாது,
படிக்கட்டில் செருப்பலமாரி கூடாது,
தேங்காய் உடைத்தவரே கூட்டி அள்ள வேண்டும்.

காத்திருந்தோம்.
பதினேழு மாடியிலும் விளக்கெரிந்தது.
எங்கோ வெங்காயம் தாளித்தார்கள்,
அந்த வாசனை மட்டும் இறங்கி வந்தது.
மின்தூக்கிகள் இரண்டும் ஜூனிலிருந்து படுக்கை.

பொருளாளர் மேடம் சியா பச்சைக் கோப்பைத் திறந்தார்.
பதினொன்று-எட்டு, பவளக்கொடி,
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி.
பெயர்களை மின்தூக்கிக்குள் ஒட்டலாம் என்றார் ஒருவர்.
ஓடாததற்குள் நின்று யார் படிப்பது என்றார் மற்றவர்.
இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
காவலாளி தில்பகதூர் மட்டும் சிரித்தார்,
அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

பவளக்கொடி என் எதிர்வீடு.
மேடம் சியாவின் செருப்புச் சத்தம் படியேறினால்
அங்கே தொலைக்காட்சி பேச்சை நிறுத்தும்.

அடுத்த சனிக்கிழமை பம்பு எரிந்தது.
விடிகாலையில் குழாய் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்.
காவல் கூண்டுக்குப் பின்னால் ஒரே ஒரு குழாய்.
ஏழு மணிக்குள் மொத்த பிளாட்டும் கீழே:
மைலோ டின், சாய வாளி, பிள்ளை குளிக்கும் தொட்டி,
ஒருவர் கையில் ரைஸ் குக்கரின் உள்பானை.
பாயான் லெப்பாஸ் ஆலை பஸ்ஸைத் தவறவிட்ட சீருடைகள்.
கைலியில் ஒரு வக்கீல்.
நாலு வருடமாய் எனக்குப் புகார்க் கடிதம் எழுதும் திரு. ஓங்,
அடேயப்பா, இவ்வளவு குள்ளமா!

எண்ணிப் பார்த்தேன். எண்பத்து மூன்று.

வாளியை வரிசையில் விட்டு
பதினோரு மாடி ஓடி ஏறி
வருகைப் பதிவேட்டோடு இறங்கினேன்.
ஈரக் கையால் ஒப்பமிட்டார்கள்.
எதற்கு என்றவர்களிடம் தண்ணிக்கு என்றேன்.
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

செல்லாது, என்றார் சுல்ஹில்மி, வாயில் பிரஷ்ஷோடு.
பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும்.
பம்பு யாருக்குக் கொடுத்தது முன்னறிவிப்பு
என்று கேட்கத்தான் இருந்தேன்.
அதற்குள் என் வாளியை யாரோ பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள்.

மேடம் சியாவின் வாளி நிறைந்தது.
அவருக்கு முழங்கால் வலி, ஒன்பதாவது மாடி.
அடுத்து நின்றது பவளக்கொடி.
ஒரு கைப்பிடி, இரண்டு கை.
பாக்கிப் பேச்சு வரும், எழுதிக்கொள்ளலாம் என்று
பின்னாலேயே ஏறினேன்.
நாலாவது மாடியில் வாளி எதிலோ இடித்துச் சிந்தியது.
செருப்பலமாரி.
இருவரும் மலாயில் திட்டினார்கள்,
ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்.
நான் அச்சிலேற்ற முடியாத சொற்கள்.

திங்களன்று பம்பு ஓடியது.
மாதக் கடைசியில் பட்டியல் வந்தது:
பதினொன்று-எட்டு, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
அதன்மேல் தாமத வட்டி.

கூட்டக் குறிப்பில் சனிக்கிழமை இல்லை.
அந்தத் தாளில் மை ஓடி
எந்தப் பெயர் எந்த வீட்டுக்காரர் என்று தெரியவில்லை.
காய்ந்து, அப்பளம்போல் நெளிந்துகிடந்தது.
துளையிட்டுக் கோப்பில் சேர்த்தேன்.
கோப்பு இப்போது
சரியாக மூடுவதில்லை.