சட்டை விற்கிறவன்

எனக்குப் பாட வராது,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மார்லிஸ் பாடுவாள். நான் வண்டி ஓட்டுவேன்.
கடைசிப் பாட்டுக்குக் கை தட்டி முடிவதற்குள்
வாசலோரம் மடக்குமேஜையை விரித்து
சட்டைகளை அளவு பார்த்து அடுக்கியிருப்பேன்.
எக்ஸ்எல் மட்டும் எப்போதும் தீர்ந்துபோகிறது.
மேற்கே போகப் போக மனிதர்கள் அகலம்.

நெப்ராஸ்காவில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது.
பத்தொன்பது வருடம் அவள்
ஊர்க்காரர்களின் பல்லைச் சுத்தம் செய்தாள்.
வாய் பிளந்து படுத்தவர் பேச முடியாது,
ஆகவே அவளே எதையாவது முனகிக்கொண்டிருப்பாள்.
அந்த முனகலில் பதினோரு பாட்டு தேறியது.

நான் கவுண்டி அலுவலகத்தில்
பிறர் வீடுகளுக்கு வரிக்காக விலை போட்டவன்.
எங்கள் வீட்டுக்கு நான் போட்டிருந்த விலை
விற்றபோது கிடைத்ததைவிட ஆறாயிரம் அதிகம்.
இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளம்பும் முந்தின இரவு
குளிர்பெட்டியைக் காலி செய்தோம்.
மூன்று கடுகுப் புட்டி, மூன்றும் பாதி.
இரண்டு பேரும் தனித்தனியே
தீர்ந்துவிட்டதென்று நினைத்து வாங்கியவை.
சிரித்தோம். பிறகு அவள்
தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.
கடுகுக்காகத்தான் என்றாள்.

அவள் தம்பி டுவேன்
எங்கள் தபால்களை வாங்கிவைக்கச் சம்மதித்தான்.
"ஓய்வூதியம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்" என்று
ஆரம்பித்து,
வண்டியின் டயரைக் காலால் தட்டிப் பார்த்து
அதோடு நிறுத்திக்கொண்டான்.

நான்காம் நாளே எங்கள் கணக்கு பல்லிளித்தது.
மாற்றிப் போட்டுப் பார்த்தேன்,
சாப்பாட்டைப் பெட்ரோலில் கழித்தேன்,
பெட்ரோலைத் தூக்கத்தில்.
வால்மார்ட் வாகன நிறுத்தத்தில்
விளக்குக் கம்பத்தின் கீழ் படுத்தபடி
அவள் கேட்டாள்: பயமா இருக்கா?
ஹீட்டர் சத்தத்தில் காதில் விழாததுபோல் இருந்தேன்.

பிப்ரவரி. மொன்டானா.
சாலையை மூடுவதற்கு ஒரு மணிநேரம் முன்பு
ஊர் போய்ச் சேர்ந்தோம்.
மதுக்கடையில் மூன்று பேர்.
கடைக்காரி கார்லீன்,
இழுவை லாரிக்காகக் காத்திருந்த ஒரு நர்ஸ்,
பனி வாரும் வண்டிக்காரன் டெல்மர்.
நிறுத்திவிடலாம், பணம் வேண்டாம் என்றேன்.
மார்லிஸ் ஏற்கெனவே கிதாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றையும் பாடினாள்.
இடையில் ஐஸ் இயந்திரம் இரண்டு முறை கொட்டியது.
நர்ஸ் பாதியில் போய்விட்டாள், லாரி வந்துவிட்டது.
டெல்மர் மட்டும்
கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.
பாட்டில் உருகிவிட்டான் என்று நான் நினைத்தேன்.
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
கிதாரைக் கீழே வைத்த கையோடு
டார்ச் வாங்கி, "ஆ காட்டு" என்றாள்.

கீழ்வரிசை, கடைசிக்கு முந்தினது.
எத்தனை நாளாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாய்?
நவம்பரிலிருந்து என்றான்.
திங்கட்கிழமை போய்விடு, தள்ளிப்போடாதே என்று சொல்லி
அவன் வாய்க்குள் குனிந்திருந்த நேரம் முழுக்க
அவள் முனகிக்கொண்டே இருந்தாள்.
அவளுக்கே தெரியாது. நான் பார்த்தேன்.

அவன் சட்டை வாங்கவில்லை.
விடியற்காலை எங்கள் வண்டிக்கு முன்னால்
மலைச்சரிவு முடியும்வரை
பனியை வாரிக்கொண்டே போனான்.
நோட்டில் அன்றைய வரவு: பதினெட்டு டாலர்.
சாலையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை,
எழுதவில்லை.

மே மாதம் டுவேன் அனுப்பிய கட்டில்
மின்சாரக் கட்டணப் பாக்கி,
பல் மருத்துவமனையின் கடிதம்
(இடம் இன்னும் காலியாம்),
ஒரு தபால் அட்டை.
"பல் போய்விட்டது.
அந்த மூன்றாவது பாட்டு போகவில்லை.
அதற்குப் பெயர் என்ன?
டெல்மர்."

அன்றைக்கு மூன்றாவதாக எதைப் பாடினாள்?
எங்கள் இருவருக்கும் நினைவில்லை.
வரிசையை ஒரு பெட்ரோல் ரசீதின் பின்னால் எழுதியிருந்தேன்.
ரசீதுப் பெட்டியை மடியில் கவிழ்த்துத் தேடுகிறேன்.
அவள் பின்னிருக்கையில் கால் நீட்டி
ஒவ்வொன்றாக முனகிப் பார்க்கிறாள்.
மருத்துவமனைக் கடிதம் எங்கே போனது?
அதன் மேல்தான் காபிக் கோப்பை இருக்கிறது.