இடது மணிக்கட்டு

வார்துஷ் தெர்ஸியான். எழுதிக்கொள்ளுங்கள்.
எங்கள் குலப்பெயருக்கே
தையற்காரர் என்றுதான் பொருள்.
சுகுமிக் குன்றின்மேல், குரங்குப் பண்ணையில்
பதினாறு வருடம் வார் தைத்தேன்.

தோளுக்கு, இடுப்புக்கு, தாடைக்கு ஒன்று,
கைக்கு இரண்டு.
உள்ளே ஃபிளானல், வெளியே பாராசூட் துணி.
குரங்குகளுக்கு அகரவரிசையில் பெயர் வைத்தார்கள்,
ஒரு பயணத்துக்கு இரண்டெழுத்து செலவு.
எனக்குப் பெயர் வராது. அளவு வரும்.
வலது மணிக்கட்டு எட்டு சென்டிமீட்டர்.
இடதும் எட்டு என்று எழுதியிருக்கிறேன்.

கடலுக்கப்பால் அமெரிக்காக்காரர்கள்
முதலில் அனுப்பியவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்து
அரசர்களைப் போல
முதலாம், இரண்டாம் என்று எண்ணிட்டார்களாம்.
விரிவுரையில் சொன்னார்கள்.
ஒருவன் மூச்சுத் திணறிப் போனான்.
ஒருவனுக்குப் பாராசூட் விரியவில்லை.
ஒருவனுக்கு ராக்கெட்டே வெடித்தது.
அரங்கில் யாரோ இருமினார்கள்.
நான் பாராசூட்டிலேயே நின்றுவிட்டேன்:
அந்த மடிப்பைத் தைத்தவள் யார்?
அவளிடம் யாராவது போய்க் கேட்டார்களா?

என்னிடம் கேட்டார்கள்.
மாண்டரின் பழுக்கும் முன்
மாஸ்கோவிலிருந்து மூன்று பேர்.
நடுவில் லெபெதின்ஸ்கி,
பல்லிடுக்கில் சூரியகாந்தி விதைத் தோல்.
மேசைமேல் என் வார்,
வெள்ளைத் தட்டில், அறுத்தெடுத்த உறுப்பு போல.

சுற்றுப்பாதையில் ஐந்தாம் நாள்
இடது கை வெளியே வந்துவிட்டது என்றார்.
தையல் விட்டதா?
பாருங்கள், ஒரு நூல் பிரியவில்லை.
அப்படியானால் தளர்வா?
எடையில்லாத இடத்தில் ரத்தம் தலைக்கு ஏறும்,
கைகால் மெலியும். உங்கள் அறிக்கையில்தான் படித்தேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

கை என்ன செய்தது?
நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
கடைசி நாற்காலியில் இருந்த பையன்
வாய்தவறிச் சொல்லிவிட்டான்:
முதலில் முகத்தைத் தொட்டுப் பார்த்தது.
மூக்கு, காது, மறுபடி மூக்கு.
எல்லாம் இருக்கிறதா என்று கணக்கெடுப்பது போல.
அப்புறம்தான்
மண்டைக்குள் இறங்கிய மின்கம்பிகளை.

குரங்கு கையில் பூமாலை, என்றார் லெபெதின்ஸ்கி.
பூமாலையா அது.
நான் வாய் திறக்கவில்லை.

வேண்டுமென்றே செய்தாயா?
அவர்கள் கேட்காததை நீங்கள் கேட்கிறீர்கள்.
அளவெடுத்த அன்று
அது என் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது.
குரங்குப் பிடி. விடுமா?
ஒற்றைக் கையால் நாடாவைச் சுற்றினேன்.
கட்டைவிரல் நகம் நாடாவுக்குள் மாட்டியிருந்தது.
எட்டு என்று கத்தினேன்,
எட்டு என்று எழுதினார்கள்.
நகத்தைக் கழிக்க மறந்தேனா?
கழிக்கவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

உயிரோடுதான் திரும்பியது.
மூலைக் கூண்டில் ஆப்பிள் தோலை உரித்துக்கொண்டிருந்தது,
இடது கையால்.
என்னைத் தெரிந்துகொண்டது என்று சொல்ல ஆசைதான்.
தெரியவில்லை.
ஆப்பிள் முடிந்ததும் முதுகைக் காட்டியது.

தொண்ணூற்றிரண்டில் குன்றின்மேல் குண்டு விழுந்தது.
கூண்டுகளை யார் திறந்தார்கள், எது திறந்தது,
ஆளுக்கொரு கதை.
யூகலிப்டஸ் மரங்களில் பாபூன்கள்,
அடியில் துப்பாக்கியோடு பையன்கள்,
இரு பக்கமும் பசி.
தையல் எந்திரத்தின் தலையை மட்டும் கழற்றி
போர்வையில் சுற்றி
சோச்சிக்குப் போகும் கப்பலில் ஏறினேன்.
குழந்தையா என்று ஒரு மாலுமி கேட்டான்.
ஆமாம் என்றேன், வழி விட்டான்.

இப்போது அத்லெர் சந்தையில்
ஜீன்ஸ் கால் மடித்துத் தைக்கிறேன்.
போன வாரம் ஒரு மணப்பெண்,
சட்டைக் கைப்பட்டியை நீட்டினாள்.
இறுக்கமாக வேண்டுமாம், புகைப்படத்துக்கு.
நாடாவைச் சுற்றினேன்.
நகம் உள்ளேயே இருந்தது.

தொளதொள என்றிருக்கிறது என்று
நூறு ரூபிள் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்,
கையை வீசிக்கொண்டு.