நாலணா பாக்கி

மிச்சினாவில் என் காயலாங்கடைத் தராசு
எதையும் கேள்வி கேட்காது.
டிராக்டர் பல், உடைந்த மணி, பீரங்கிக் குண்டின் ஓடு,
வைத்தால் எடை சொல்லும்.
அதற்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

ஹூக்காங் பள்ளத்தாக்கில் அம்பர் தோண்டப் போன லா செங்
திங்கட்கிழமை ஒரு சாக்கைக் கவிழ்த்தான்.
சங்கிலித் துண்டுகள், புல்டோசர் ஆணி ஒன்று,
அடியில் நசுங்கிய அலுமினியச் சாப்பாட்டு டப்பா.
முந்நூற்று நாற்பது கிராம்.
எல்லைக்கு அப்பால் உருக்குகிறவர்களின் லாரி
வியாழக்கிழமை வரும்.

புளி போட்டுத் தேய்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
ஆணியால் கீறிய ஆங்கிலம் எழும்பி வந்தது:
ஓ. பெட்டிஃபோர்டு, அலபாமா.

அந்தச் சாலையை எனக்குத் தெரியும்.
லெடோவில் கிளம்பி, மலையைக் குடைந்து,
எங்கள் ஊரைத் தொட்டுச் சீனாவுக்குப் போவது.
அதற்கு ஒரு ஜெனரலின் பெயர்.
மைலுக்கு ஓர் ஆள் செத்தான் என்று ஒரு கணக்கு,
கணக்கில் ஆள் உண்டு, பெயர் கிடையாது.
வெட்டிய அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள்.
கொடியோடு படத்தில் நிற்கிறவர்கள்
பெரும்பாலும் வேறு முகங்கள்.

அவர்கள் நாட்டில் அப்போது
ரத்தத்தைக்கூடத் தனித்தனியாக அடைத்தார்களாம்,
வெள்ளைக்கு ஒரு பாட்டில், கறுப்புக்கு ஒரு பாட்டில்.
காட்டு அட்டைக்கு அந்தச் சட்டம் தெரியாது.
எல்லார் காலிலும் ஏறியது.

என் பையில் இருப்பதும் ஓர் அட்டைதான்.
நான்கு தலைமுறைக்குப் பிறகும்
'இனம்' என்ற வரியில் என்னைக் கப்பலேற்றிவிடும்.
ஐராவதிப் பாலத்துச் சாவடியில் இன்று காலை
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பையனுக்கு
மீசைகூட முளைக்கவில்லை.

கறுப்பர்களை இங்கே கப்பலி என்பார்கள்,
எங்களைக் கலா என்பது போல, உதட்டைச் சுழித்து.
சின்ன வயதில் என் காதில் அது கபாலி என்று விழும்.
சாமியை ஏன் வைகிறார்கள் என்று அழுதிருக்கிறேன்.
இப்போது இந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு
நினைத்துப் பார்த்தால்,
காது அப்படியொன்றும் தப்பாகக் கேட்கவில்லை.
ஓடேந்தி ஊர் ஊராகத் திரிந்தவன்.
எந்த வீட்டு நடையும் தாண்டவிடாதவன்.

டப்பாவைத் திருப்பினேன்.
அடியில் வேறொரு கை. தமிழ்.
'சடைய'
பிறகு அரிப்பு.
பிறகு 'நாலணா பாக்கி'.

சடையன் யார்?
அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்திலிருந்து மண் சுமக்க வந்தவனா,
மதராஸ் பட்டாளத்தில் மண்வெட்டி பிடித்தவனா?
பாக்கி சடையனுக்கா, சடையனிடமிருந்தா?
வேற்றுமை உருபு மட்டும் அரித்துப் போயிருக்கிறது.
சிகரெட்டுக்கா, சீட்டாட்டத்துக்கா,
மழையில் பகிர்ந்த பாதி டப்பா சோற்றுக்கா?
இருவரையும் ஒரே தார்ப்பாயின் கீழ் உட்காரவைத்துச்
சிரிக்கவைக்க என்னால் முடியும்.
செய்யவில்லை.
அவர்களிடமிருந்து இன்னும் ஒன்றை எடுத்த மாதிரி இருக்கும்.

லா செங் பீடியைப் பற்றவைத்தான்.
"கொடுத்தவனும் செத்தாச்சு, வாங்கினவனும் செத்தாச்சு.
இப்ப எதுக்கு இது?"
கேட்டவனின் கிராமம் போன வருஷம் எரிந்தது.
இப்போது போன் வரைபடத்தில் அந்த இடம்
வெறும் பச்சை.
அவன் அதைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்ப்பதை
நான் பார்த்திருக்கிறேன்.

"பாக்கின்னு எழுதியிருக்கு.
தீர்ந்ததுன்னு யாரும் எழுதலையே" என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கரண்ட் போனது.
இருட்டில் அவன் பங்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்,
கிராம் பிசகாமல். அவனும் எண்ணித்தான் வாங்கினான்.

வியாழக்கிழமை லாரி வந்தது.
சங்கிலி போனது, புல்டோசர் ஆணி போனது.
டிரைவர் ரசீதை வெயிலில் பிடித்து
இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.
"அக்கா, முந்நூற்று நாற்பது கிராம் உதைக்குதே."

உதைக்கட்டும் என்றேன்.