வாளியோடு ஒரு படம்

டார்லிங்டனில் ரயிலேறி
ஷில்டனில் இறங்கும்போது மழை இல்லை.
அதையே நான் நம்பவில்லை.

ஏழு வருடத்தில் இது ஆறாவது பயணம்.
கீத்லியில்,
"பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது,
செவ்வாய்க்கிழமை வாருங்கள்" என்றார்கள்.
செவ்வாய்க்கிழமை எனக்கு டூட்டி.
பாரோ ஹில்லில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது,
பிணவறைத் துணிக்கு வெளியே
கால் பெருவிரல் நீட்டிக்கொண்டிருப்பதைப் போல
ஒரே ஒரு பஃபர் தெரிய.
அதையும் எடுத்துவந்தேன்.
"இதென்ன, உரலா?" என்றார் பரிதி.
சின்னரில் அது என் எதிரிலேயே நின்றது;
உயிர் போயிருந்தது கேமராவுக்கு.
மற்ற இரண்டையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இத்தனைக்கும் பேர்பெற்ற எஞ்சின் அல்ல.
டி 8631.
நடுவில் ஓட்டுநர் அறை,
இரு பக்கமும் ஒரே மாதிரி மூக்கு.
போகிறோமா வருகிறோமா என்று
தனக்கே தெரியாத முகம்.
ஓடிய நாளைவிட
ஒர்க்‌ஷாப்பில் படுத்த நாள் அதிகம்.
எட்டே வருடத்தில் ஒதுக்கிவிட்டார்கள்.
நோயாளி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில்
தீப்பெட்டி அளவுப் படத்தில்தான் முதலில் பார்த்தேன்,
அதிலும் பாதியை ஒரு சிக்னல் கம்பம் மறைத்திருந்தது.
மீதிப் பாதி எப்படியிருக்கும்
என்று ஆரம்பித்ததுதான்.

இன்று கொட்டகையின் மூன்றாம் தண்டவாளத்தில்
முழுசாக நிற்கிறது, பச்சையாக.
பிள்ளைகள் எல்லாம்
பக்கத்து நீராவி எஞ்சினில் தொங்குகிறார்கள்.
இதனடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி.

"அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

டெரிக் ரௌன்ட்ரீ என்று சட்டையில் பெயர்.
துணியில் கை துடைத்தபடி வந்தார்.
"நகர்த்தலாம். தரையெல்லாம் எண்ணெயாகும்.
நேற்றுத்தான் ஸ்டார்ட் செய்து பார்த்தோம்.
பதினோரு நிமிடம் ஓடியது."
பிரசவ வார்டு வாசலில்
குழந்தையின் எடை சொல்லும் அப்பாக்களின் குரல்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன்.
டொக்.
ஒன்பது நொடிக்கு ஒரு சொட்டு.

வாரம் ஐந்து நாள் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
மூச்சை இழுங்கள், அப்படியே பிடியுங்கள்,
அசையாதீர்கள்.
விலா முறிந்தவர்கூடக் கேட்டுக்கொள்வார்.
இங்கே அறுபத்தெட்டு டன் இரும்பு
சொல்லாமலே அசையாமல் நிற்கிறது;
என் கைதான் கேட்கவில்லை.

பின்னால் நகர இடமில்லை, சுவர்.
கூரைத் தூண் ஒன்று குறுக்கே.
அந்தச் சிக்னல் கம்பத்தின் தம்பியாக இருக்கும்.
இருக்கட்டும்.
இழுத்தேன். பிடித்தேன்.
இரண்டு சொட்டுக்கு நடுவே எடுத்துவிடலாம்
என்று எண்ணிக்கொண்டு நின்றவள்
ஏனோ
சொட்டு விழும்போதே அழுத்தினேன்.

பச்சை மூக்கு, சற்றே சரிந்த எண், தூண்,
வாளி.
வாளிக்கு மேலே
ஒரு நூலளவு கறுப்பு.

"கிடைத்ததா?" என்றார் டெரிக்.
பதில் வரவில்லை.
'இனி மூச்சை விடலாம்' என்று
எனக்குச் சொல்ல
அந்த அறையில் ஆளில்லை.