பட்டியலில் இல்லாத கையுறை

உள்ளங்கையில் அடங்கிவிடும் கணினி.
விலையும் அப்படி அடங்கும் என்று நம்பித்தான்
பட்டியலைத் தொடங்கினேன்.
பலகை, எட்டு.
சார்ஜர், எட்டு. மலிவானது வேண்டாம்,
பாதி வேலையில் மயங்கி விழும்.
நகத்தளவு மெமரி கார்டு, எட்டு.
தொலையும் என்பதால் இன்னும் எட்டு.
பல் மருத்துவமனை கழித்துக் கட்டிய ஐந்து திரைகள்
கிடங்கில் சும்மா கிடந்தன.
அவற்றின் வாய்க்கும் இவற்றின் வாய்க்கும் ஒட்டவில்லை.
ஒட்டவைக்கும் துண்டு, ஐந்து.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

கிரீனாக்கில் அன்றும் மழை.
மாடியில் பழைய வரைபட அறை எங்களுக்கு.
சுவரில் இரண்டே பிளக்,
ஒன்றில் கெட்டில்.
கெட்டிலைக் கழற்றலாம் என்று சொல்ல
எனக்கும் டூகலுக்கும் துணிவில்லை.

நகராட்சிப் படிவத்தின் கடைசிக் கட்டம்:
பயன்பாடு. யாருக்கு, எதற்கு.
'எதிர்காலத் திறன்கள்' என்று எழுதி அடித்தேன்.
'விளையாட்டு' என்று எழுதினேன்.
உண்மைதான்,
உண்மைக்கு யார் காசு தருவார்கள்?
அதையும் அடித்தேன்.

மூன்று பலகைகளோடு சனிக்கிழமைகளில் வெள்ளோட்டம்.
ஒரு சிவப்பு விளக்கை மினுக்கவைத்துவிட்டு
உலகையே ஏற்றிவைத்தவள் போல நின்றாள் ஒரு சிறுமி.
பறவைக்கு வைத்த கடலையைத் திருடுவது யாரென்று
படம் பிடிக்க வந்தார் திருமதி அபர்நெத்தி.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் லோர்கன்
எதுவும் கேட்கவில்லை,
மூன்று வாரமும் வந்து உட்கார்ந்திருந்தார்.
'பிடுங்காதே, முதலில் உறங்கவிடு'
என்று பிளக்கின்மேல் ஒட்டினேன்.
பிடுங்கினார்கள். இரண்டு கார்டுகள் செத்தன.

மூன்றாம் சனி, கதவடைக்கும்போது
எண்ணினால் இரண்டு.
"பூட்டுள்ள அலமாரி," என்றார் மேலாளர் ராங்கின்.
அறுபது பவுண்ட். எழுதிக்கொண்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து
புத்தகம் திருப்பிப்போடும் பெட்டியில்
இரண்டு துப்பறியும் நாவல்களுக்கு நடுவே
ஒரு குழந்தையின் கையுறை,
இடது கை.
உள்ளே பலகை, கார்டு,
வால் போல ஒட்டிய வெப்பநிலை சென்சார்.
கடிதம் ஏதும் இல்லை.

டூகல் கார்டைச் செருகினான்.
ஒரே ஒரு கோப்பு, பெயர் 'அறை'.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக
ஐயாயிரத்துச் சொச்சம் வரிகள்.
பதினொன்று. பத்து. ஒன்பதரை.
"சென்சார் கெட்டுவிட்டது," என்றேன்.
அவன் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனான்.
வியாழன் மாலை பதினெட்டுக்கு ஏறுகிறது.
ஞாயிறு இரவு விழுகிறது.
மறு வியாழன் மறுபடி ஏறுகிறது.
"கெடவில்லை," என்றான்,
"காசு போட்டால் ஓடும் மீட்டர்."
அதற்குமேல் பேசவில்லை,
கெட்டிலைப் போடப் போனான்.
எந்த வீட்டில் வளர்ந்தான் என்று
ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமையின் கையெழுத்துத் தாள்
மேசை இழுப்பறையில் இருந்தது.
இருக்கட்டும்.

அலமாரியை அடித்தேன்.
அதே அறுபதில்
சென்சார், ஆறு.
துணிப்பை, எட்டு.
வீட்டுக்கு இரவல், மூன்று வாரம்.
கடைசிக் கட்டத்தில் மூன்று வரிகளை
அப்படியே பெயர்த்து எழுதினேன்:

வியாழன், மாலை 5.40. பதினெட்டு.
ஞாயிறு, இரவு 11.05. பதினொன்று.
திங்கள், காலை 6.30. ஒன்பது.

"இது என்ன?" என்றார் ராங்கின்.
"பயன்பாடு."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார்.
நெடுநேரம்.
பிறகு நூலக நேரத்துக்கு எதிரே,
ஆறு என்றிருந்த இடத்தில்,
பென்சிலால் எட்டு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

ஈரமாக இருந்த கையுறையை
வாசலில், ஹீட்டருக்கு மேலுள்ள கொக்கியில்
மாட்டிவைத்தேன்.
செவ்வாய்க்கிழமை பார்த்தேன்,
கொக்கி மட்டும் இருந்தது,
தொட்டால் சூடாக.