ஒரு கட்டும் அஞ்சும்

ஊர் கேட்டேன். குடியாத்தம் என்றாய்.
தெரு கேட்டேன். ஆறு என்றாய்.
ஆறு எப்படித் தெருவாகும்
என்று கேட்க எனக்கு நேரமில்லை.

மோர்தானா அணை நிரம்பி வழிந்த இரண்டாம் நாள்.
கவுண்டன்யாவில் தண்ணீர் வந்ததென்று
வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில்
நாலு வயதுப் பையன் ஒருவன்
எல்லோரையும்விடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறான்.

"மூச்சி இல்ல மா. நீலமா கீறான்."
உங்க பையனா?
"பக்கத்தூட்டு புள்ள மா.
அவுங்கம்மா மயங்கி வுயுந்துட்ச்சி."
உங்க பேர்?
"கெங்கம்மா. பேரு இன்னாத்துக்கு மா இப்ப?"

சென்னையில், நாலாம் மாடியில்,
ஏ.சி. குளிருக்குச் சால்வை போர்த்தியபடி
உன் கைகளைப் பார்க்க முயன்றேன்.
போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்க.
பையனைக் கெட்டித் தரையில் மல்லாத்துங்க.
நெற்றியில் ஒரு கை, தாடையைத் தூக்குங்க.
மூக்கைப் பிடிச்சு, வாயோடு வாய் வச்சு ஊதுங்க.
நெஞ்சு எழும்புதா?
"எழும்புது மா."
அந்த ஒரு 'மா'வின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்
மீதி நேரம் முழுவதும்.

ஒரு உள்ளங்கை. நெஞ்சுக்கு நடுவில். அழுத்தி, விடுங்க.
முப்பது எண்ணுங்க, அப்புறம் ரெண்டு ஊதுங்க.
"பீடி சுத்துற கை மா, பலமில்ல.
எலும்பு ஒடிஞ்சிடுமே."
ஒடிஞ்ச எலும்பு கூடும் அக்கா. அழுத்து.

இருபத்தி மூணு, இருபத்தி நாலு, இருபத்தி அஞ்சு.
நின்றுவிட்டாய்.
முப்பது, என்றேன்.
மறுபடியும் அதே இடத்தில் நின்றாய்.
மூன்றாம் முறை நான் கத்தியபோது சொன்னாய்:
"இருபத்தஞ்சு ஆனா
கை தானா நூலுக்குப் போவுது மா."

என் எதிரே ஒட்டியிருந்த தாளில்
இதற்குப் பதில் இல்லை.
சரி அக்கா, ஒரு கட்டு கட்டு.
மேல அஞ்சு வை. அப்புறம் ரெண்டு ஊது.
அதன்பிறகு நீ நிற்கவில்லை.

தரைப்பாலம் மூழ்கியிருந்தது.
திரையில் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாக
ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.
வண்டி வருது என்றேன். அது பொய்யில்லை.
எத்தனை நிமிடம் என்று நீயும் கேட்கவில்லை.

யாரோ ஓர் ஆள்
பையனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றச் சொன்னார்.
அவரை நீ திட்டிய சொல் பதிவில் இருக்கிறது.
அப்படியே இருக்கட்டும்.

உனக்குக் கை சோர்ந்தபோது அஸ்மத்தைக் கூப்பிட்டாய்.
அவளுக்கு நான் விளக்கவே இல்லை.
கட்டு என்றால் அவளுக்கும் இருபத்தைந்துதான்.
நீ, அவள், நீ, மறுபடி அவள்.
ஒரு கட்டும் அஞ்சும். ஊது.
ஒரு கட்டும் அஞ்சும்.

நாற்பதாவது கட்டில் சைரன் கேட்டது.
நாற்பது கட்டு, ஆயிரம் பீடி,
கம்பெனிக்காரன் கூலி போடும் கணக்கு.
மேலே வைத்த அஞ்சுகள் அதில் வராது.

பூட்ஸ் சத்தம். யாரோ போனை எடுத்தார்கள்.
இணைப்பு அறுபடும் முன் ஓர் இருமல்.

மறுநாள் தர ஆய்வில் இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.
அழைப்பாளரை ஒருமையில் பேசியது ஒன்று.
'நீங்க' எப்போது 'நீ'யானது என்று
பதிவைக் கேட்டுத்தான் எனக்கும் தெரிந்தது.
நெறிமுறையில் இல்லாத சொல் இன்னொன்று.
"கட்டு என்றால் என்ன?" என்றார் ஜெயசீலன் சார்.
சொன்னேன்.
ஒரு மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தார்.

பிறகு பதிவு கடைசிக்கு ஓடியது.
புகையிலைத் தூள் படிந்த
இத்தனை நெஞ்சுகள் சூழ்ந்து நின்ற இடத்தில்
யாருடையது அந்த இருமல்?
நான் கேட்கவில்லை.
அவரும் ஹெட்போனைக் கழற்றவில்லை.
நாலு விநாடி பின்னால் இழுத்து
மறுபடி ஓடவிட்டார்.